முதல் மரணத்துக்கு முன் மாணவச் செவிலியருக்கு எதைக் கற்பிப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள ஒரு செவிலியர் கல்லூரியில் இந்த ஆண்டுதான் பயிற்றாசிரியையாகச் சேர்ந்தேன். சென்ற மாதம் என் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தான் மூன்று நாட்கள் கவனித்துக்கொண்ட புற்றுநோய் மூதாட்டி இறந்ததும், பெட்பேன் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இந்தத் தொழிலே வேண்டாம் என்கிறாள். கடும் நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த் தணிப்புப் பராமரிப்புக்கு எங்கள் பாட அட்டவணையில் இரண்டு மதிய வகுப்புகள்தான் இருக்கின்றன. அதற்குள் இவர்களை எப்படித் தயார்ப்படுத்துவது? நோயாளியிடம் உண்மையைச் சொல்லாதே என்று குடும்பத்தார் கெஞ்சும்போது மாணவிகள் என்ன செய்ய வேண்டும்? இறந்தவர் வீட்டுச் சடங்குக்கு அவர்கள் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த மூதாட்டிக்குக் கடைசி மூன்று நாட்களில் வலி அடங்கியிருந்ததா, மூச்சுத் திணறியதா, அப்போது உங்கள் மாணவி என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவளைக் கூப்பிட்டு முதலில் அதைக் கேளுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊர் வார்டுகளிலும், பின்னர் குணமாகாத நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் அமைப்பின் வீட்டுப் பராமரிப்பிலும் வேலை பார்த்த என் அனுபவத்தில், சாவைக் கண்டு ஓடிய மாணவிகள் சிலர்தான். சாகிறவர் துடிக்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்று, அந்த நிற்பைத் தாங்க முடியாமல் ஓடியவர்கள் பலர்.

இறந்தவரை நினைத்துச் செயலற்றுப் புலம்புவதைப் பழந்தமிழில் கையறுநிலை என்று ஒரு துறையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பாருங்கள், கை அற்றுப்போன நிலை. உற்றாருக்கு அது வரும், வரத்தான் வேண்டும். செவிலிக்குக் கடைசி மூச்சு வரையிலும் அதற்கு அப்பாலும் கைக்கு வேலை இருக்கிறது. அந்த வேலை என்னவென்று தெரியாதவளைத்தான் நாம் படுக்கையருகே அனுப்பிவிட்டு, மனத்திடம் போதவில்லை என்று குறை சொல்கிறோம். ஆகவே இரண்டு வகுப்புகளில் பெரும்பகுதியை மனத்தைத் தேற்றும் பேச்சுக்குக் கொடுக்காதீர்கள். கைக்கு வேலை கற்றுக்கொடுங்கள். மனம் பெரும்பாலும் கையைத் தொடர்ந்து வரும்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் நல்லதல்ல. 1980களில் நானும் இரண்டாம் ஆண்டு மாணவியாக இருந்தபோது, கல்லீரல் வரை புற்று பரவிய ஒரு தாத்தா என் பொறுப்பில் இருந்தார். வலியை அடக்கும் மார்ஃபின் ஊசி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதப்பட்டிருந்தது. நான்கு மணி நேரம் அமைதியாகக் கிடப்பார். அடுத்த இரண்டு மணி நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகுவார். மூத்த சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். இன்னும் நேரம் ஆகவில்லை என்று சொல்லித் திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார். அவர் கொடியவர் அல்ல. அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அந்த மருந்தின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்ற ஒரே ஒரு கணக்கு வார்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அந்தத் தாத்தா நாளுக்கு எட்டு மணி நேரம் துடித்திருக்க மாட்டார். அவர் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஹாஸ்பிஸ் பயிற்சியில் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோதுதான் வந்தது.

எனவே முதல் மதியத்தை மார்ஃபினில் தொடங்குங்கள். நம் மருத்துவமனைகளின் மருந்தகத்தில் கலந்து தரப்படும் மிஸ்ட் மார்ஃபின் என்ற நீர்மருந்தை மாணவிகள் பார்த்திருப்பார்கள். கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான ஷெட்யூல் 6 பதிவேட்டில் கையெழுத்திடுவதையும் பார்த்திருப்பார்கள். ஆனால் அதை வலி வந்தபின் அல்ல, வலி திரும்புவதற்கு முன்பே, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதன் காரணம் பலருக்குத் தெரியாது. ஒரு கணக்கைப் பலகையில் போடுங்கள். வேளைக்கு 10 மில்லிகிராம் எடுப்பவருக்கு ஒரு நாளின் மொத்தம் 60. இடையில் வலி மீறி எழுந்தால் கொடுக்கும் கூடுதல் வேளை, வழக்கமாக அந்த மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10. அந்தக் கூடுதல் வேளை ஒரே நாளில் மூன்று நான்கு முறை தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். மருந்தை எழுதுபவர் மருத்துவர், கொடுப்பவர் பதிவுபெற்ற செவிலி. மாணவிக்கு இரண்டிலும் தனி அதிகாரம் இல்லை. ஆனால் எத்தனை முறை கேட்டார், எந்நேரம் கேட்டார், புரளும்போது மட்டும் வலிக்கிறதா, படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா என்பதையெல்லாம் சொல்லக்கூடியவள், படுக்கையருகே அதிக நேரம் நிற்கும் அந்த மாணவிதான். அவள் எண்ணிச் சொன்னால் மருத்துவரின் பேனா நகரும். தன் சொல்லால் ஒருவரின் வலி குறைந்ததை ஒருமுறை கண்டவள் அடுத்த முறை ஒளிய மாட்டாள்.

கூடவே மலச்சிக்கலைச் சொல்லுங்கள். மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், ஏனென்றால் குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும், மலச்சிக்கல் தணியாது. சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களிடம் மருந்து உடலில் தேங்கி, கைகால் திடீரென்று துள்ளுவதும் மனக்குழப்பமும் தெரியும்; அதைக் கண்டதும் சொல்லவேண்டும். வலிக்கு ஏற்ப அளவைச் சிறிதுசிறிதாக உயர்த்திவந்தால், மூச்சு அடங்கிவிடும் என்ற பயத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. அடிமையாகிவிடுவார் என்ற பயமும் அப்படித்தான். சாகப்போகிறவருக்கு அடிமைத்தனத்தைப் பற்றி எச்சரிக்கும் உறவினர்களை, நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். அதே பயத்தைச் சீருடைக்குள்ளும் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார அமைப்பு 1986இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகளை வகுத்து, மூன்றாம் படியில் மார்ஃபினை வைத்து இத்தனை காலம் ஆகிவிட்டது.

அடுத்தது வாய். மாணவிகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட் கொடுத்து, தண்ணீர் இல்லாமல் தின்னச் சொல்லி, உடனே தன் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு, நாட்கணக்கில் வாயைத் திறந்து மூச்சுவிடும் நோயாளிக்கு நாக்கு எப்படி ஒட்டியிருக்கும் என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. அதன்பின் ஒருவர் வாயை மற்றவர் நனைத்த பஞ்சால் துடைத்துப் பழகட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாயைத் துடைப்பது, உதட்டுக்கு வாஸ்லின் தடவுவது, ஒரு பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பது போன்ற வேலைகளுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம். கடைசி நாளில் தொண்டையில் கரகரவென்று சளி ஒலிக்கும்போது குடும்பம் பதறும், மாணவி உறிஞ்சு குழாயைத் தேடி ஓடுவாள். அந்த ஒலி கேட்பவரை வருத்தும் அளவுக்கு, நினைவு மங்கிய நோயாளியை வருத்துவதாகத் தெரியவில்லை. தலையைச் சற்று உயர்த்திப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் குறையும், குறையாவிட்டால் சளிச் சுரப்பைக் குறைக்கும் புஸ்கோபான் மருந்தை எழுதுவார்கள். குழாயைத் தொண்டைக்குள் விடுவதுதான் துன்பம். மூச்சு வேகமாகி, மெலிந்து, நின்று, மறுபடி தொடங்கும் என்பதையும், பாதம் குளிர்ந்து தோலில் நீலத்திட்டு படரும் என்பதையும் முன்பே சொல்லியிருந்தால், அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் அவளுடைய மூச்சும் சேர்ந்து நிற்காது.

நம் வீடுகளில் இன்னொன்று நடக்கும். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் மகன், மகள், பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்ற நிற்பார்கள். விழுங்கத் தெரியாத தொண்டையில் பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்பது மாணவிக்குத் தெரியும். ஊற்றாதீர்கள் என்று தடுத்து, ஒரு குடும்பத்தின் கடைசிக் கடனைக் கெடுத்தவள் என்ற பெயரை வாங்கிக்கொள்வாள். தடுக்க வேண்டியதில்லை. துண்டுப் பஞ்சைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து உதட்டில் ஒற்றச் சொன்னால் போதும். துளசித் தண்ணீருக்கும் அப்படியே. சாப்பாடு இறங்காததால்தான் சாகிறார் என்று அழும் மகளிடம், உடல் ஓய்ந்துவருவதால்தான் பசி நின்றிருக்கிறது என்று சொல்லவும் அவள் பழகியிருக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஸூலு மக்களின் இசிஸூலு மொழியிலும் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். நம் அரசியலமைப்பு தமிழையும் பெயர் சொல்லி மதிக்கச் சொல்கிறது என்றாலும், இன்று நம் மாணவிகளில் பலருக்கு ஆயாவின், அதாவது பாட்டியின், தமிழ் பாதிதான் புரியும். வாழ்நாளெல்லாம் ஆங்கிலம் பேசிய மூதாட்டி கடைசி வாரத்தில் சிறுவயதுத் தமிழுக்குத் திரும்பிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வலி, தாகம், புரட்டு, போதும் என்ற நான்கு சொற்களாவது தெரிந்திருக்கட்டும்.

இரண்டாம் மதியத்தைப் பேச்சுக்கு வையுங்கள். ஒரு வேண்டுகோள்: சாவை எதிர்கொள்ளும் மனத்துக்கு 1969இல் மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸ் சொன்ன ஐந்து நிலைகளை ஏணிப்படி போல எழுதிப்போட்டு வகுப்பை முடித்துவிடாதீர்கள். மறுப்பு முடிந்தது, இனிக் கோபம் வரும் என்று நோயாளியின் முகத்தில் படியைத் தேடும் மாணவிகளை அது உருவாக்குகிறது. அதைவிட, சிசிலி சாண்டர்ஸ் முழுவலி என்று சொன்னதைச் சொல்லுங்கள். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரான அவர், 1967இல் லண்டனில் தன் ஹாஸ்பிஸைத் திறந்தார். 1979இல் அவர் இங்கே வந்துபோனதையொட்டித்தான் நம் நாட்டிலும் ஹாஸ்பிஸ்கள் முளைத்தன. உடல்வலியோடு பணக் கவலையும், பிள்ளைகளைப் பற்றிய பயமும், கடவுள் மேல் கோபமும் ஒரே முனகலில் கலந்திருக்கும் என்பது அவர் கண்டது. ஆப்பிரிக்க நோய்த் தணிப்புச் சங்கத்தின் மதிப்பீட்டுத் தாள் இதைப் பத்தே கேள்விகளில் அடக்குகிறது. ஏழு நோயாளிக்கு, மூன்று அவரைக் கவனிப்பவருக்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். வலியில் தொடங்கி, மன அமைதியோடு இருக்கிறீர்களா என்பது வரை அதில் வரும். என்ன பேசுவதென்று தெரியாத மாணவிக்கு அந்தத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால், அவளுக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார ஒரு காரணம் கிடைக்கும்.

இப்போது உண்மையை மறைக்கச் சொல்லும் குடும்பங்களுக்கு வருகிறேன். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 6ஆம் பிரிவில், தன் உடல்நிலை என்ன என்பதைத் தனக்குப் புரியும் மொழியில் அறியும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. சொல்வது அவருக்கே தீங்காகும் என்பதற்கு வலுவான சான்று இருந்தால் மட்டுமே விலக்கு. மகன் வேண்டாம் என்றார் என்பது அந்தச் சான்றாகாது. ஆனாலும் இந்த வழக்கைத் தீர்க்கும் பாரத்தை இரண்டாம் ஆண்டு மாணவியின் தோளில் வைக்கக் கூடாது. உண்மையை உடைத்துச் சொல்லும் கடமை அவளுக்கு இல்லை. பொய் சொல்லும் கடமையும் இல்லை. பிள்ளை, நான் வீட்டுக்குப் போவேனா என்று ஆயா கேட்டால், போவீர்கள், கவலைப்படாதீர்கள் என்று சொல்லித் தப்பிக்காமல், ஏன் ஆயா, மனதில் என்ன ஓடுகிறது என்று திருப்பிக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மௌனம் அரை நிமிடம் நீண்டால் வகுப்பறையிலேயே மாணவிகள் நெளிவார்கள். கடிகாரத்தை வைத்துப் பழக்குங்கள். பெரும்பாலான ஆயாக்களுக்குத் தெரிந்தேதான் இருக்கிறது, பிள்ளைகளுக்காக அவர்களும் நடிக்கிறார்கள். கேட்டதையும் சொன்னதையும் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தாரிடம், நானாக எதுவும் சொல்ல மாட்டேன், அவர் கேட்டால் பொய் சொல்லவும் முடியாது, சிஸ்டரிடம் பேசுங்கள் என்பதே போதும்.

இறந்த பிறகான வேலையைப் பாடத்தில் கடைசியாகத் தள்ளாதீர்கள். உங்கள் மாணவி ஒளிந்தது அந்த நேரத்தில்தானே. உடல் இன்னும் சூடாக இருக்கும் என்பதையும், புரட்டும்போது நெஞ்சில் தங்கிய காற்று வெளியேறி முனகல் போலவே ஒலிக்கும் என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், உயிரோடு இருக்கிறார் என்று அலறிய பெண்களை எனக்குத் தெரியும். முதல் உடலைக் கழுவும்போது நீங்களோ ஒரு மூத்த செவிலியோ உடன் நில்லுங்கள். பெயரைச் சொல்லி, இப்போது திருப்புகிறேன் ஆயா என்று பேசிக்கொண்டே செய்யுங்கள். தாலியையோ கயிற்றையோ கழற்றுமுன் குடும்பத்தைக் கேட்க வேண்டும். முஸ்லிம் குடும்பமாக இருந்தால் குளிப்பாட்டுவது அவர்கள் சமூகத்தாரின் பொறுப்பு, அடக்கத்துக்கும் அவசரம் இருக்கும். ஸூலு குடும்பத்தார் உம்லாஹ்லான்கோசி என்ற, நம் இலந்தைக்கு உறவான மரத்தின் கிளையோடு வந்து, இறந்த இடத்திலிருந்து ஆன்மாவை அழைத்துப்போவார்கள். கட்டிலில் அடுத்த நோயாளி வந்துவிட்டார் என்று வாசலில் நிறுத்தாமல், திரையை இழுத்து ஐந்து நிமிடம் இடம் கொடுக்கத் தெரிந்த மாணவி, அந்தக் குடும்பத்துக்கு எந்த மருந்தாலும் செய்ய முடியாததைச் செய்கிறாள்.

அறைக்குள் ஒளிந்த பெண்ணைப் பற்றி: ஆலோசகரிடம் அனுப்புவதற்கு முன் நீங்களே இருபது நிமிடம் உட்காருங்கள். என்ன பார்த்தாய், எது கண்ணைவிட்டுப் போகவில்லை, எதைச் செய்திருக்கலாம் என்று நினைக்கிறாய் என்று அந்த வரிசையிலேயே கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவள் சொல்லும் பதிலில் உண்மையான தவறு ஏதும் இருந்தால், உதாரணமாக வலிமருந்து தாமதமானதை அவள் கண்டிருந்தால், பரவாயில்லை என்று மெழுகாமல் அதை வார்டில் எடுத்துச் சொல்லுங்கள். அவள் அழுகைக்கு மன்னிப்புக் கேட்க விடாதீர்கள். அதற்குப் பிறகும் தூக்கம் வராமலோ, வார்டு வாசலில் கைநடுங்கியோ இருந்தாலும், அவள் வீட்டிலேயே அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தாலும் ஆலோசகரிடம் தாமதிக்காமல் அனுப்புங்கள். சொந்தத் துக்கம் ஆறாத மாணவியை அதேபோன்ற நோயாளியிடம் போட்டுத் திடப்படுத்துவதாக நினைப்பது, ஆறாத புண்ணில் கட்டுப்போடப் பழக்குவது போலத்தான்.

இரண்டு மதியம் போதாது என்பதை உங்கள் முதல்வரும் அறிவார். 2014 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, நோய்த் தணிப்புப் பராமரிப்பை மருத்துவப் பணியாளர்களின் அடிப்படைப் பயிற்சியிலேயே சேர்க்கும்படி தீர்மானித்தது; நம் நாட்டிலும் 2017-2022 காலத்துக்கான தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. அந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போய், அதிக வகுப்பு கேட்காமல், ஹாஸ்பிஸ் வீட்டுச் செவிலியின் காரில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரே ஒரு நாள் கேளுங்கள். சமையலறை மேசையில் மருந்துப் புட்டியும், அட்டையில் எழுதிய வேளைகளும், எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கும் நோயாளியும் சேர்ந்திருப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். வார்டில் மட்டும் கற்றவளுக்கு இந்தப் பராமரிப்பு என்றாலே கடைசி மூன்று நாள் என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. நோய் கண்ட நாளிலிருந்தே, மற்றச் சிகிச்சையோடு சேர்ந்தே இது நடக்கலாம் என்பதை அந்த ஒரு பயணம் காட்டிவிடும்.

சடங்குக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். குடும்பம் அழைத்தால், கல்லூரியும் ஒப்பினால், பணி இல்லாத நேரத்தில், சீருடை இல்லாமல் போகலாம். கிளேர் எஸ்டேட் மயானத்தில் ஒரு தகனத்துக்கு ஒருமுறையும் பதினாறாம் நாளுக்கு ஒருமுறையும் நானே போயிருக்கிறேன். எல்லாச் சாவுக்கும் போகிறவளாக ஆகிவிடக் கூடாது. தனியாகவும் போகக் கூடாது, ஒரு மூத்த செவிலியோடு போகட்டும். அங்கே சாப்பாட்டுப் பந்தியில் யாராவது ஓர் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, நீ ஆஸ்பத்திரியில் பார்த்தாயே, உண்மையில் என்ன நோய் என்று தாழ்ந்த குரலில் கேட்பார். ரகசியம் காக்கும் கடமை நோயாளி இறந்ததோடு முடிவதில்லை, எச்ஐவி என்றால் ஒரு சொல்லில் ஒரு குடும்பமே தலைகுனியும். நான் அவர்களைக் கும்பிட்டுப் போகத்தான் வந்தேன் அத்தை என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.